வள்ளியம்மாள் பேரன்

அறிவு என்ற பெயரில் பாடும் அறிவரசு கலைநேசன், தமிழ் ராப் இசையில் முற்போக்கு அரசியலை ஒப்பனைச் சரக்காக அல்லாமல் பாட்டின் உட்பொருளாகவே வைத்தவர்களில் முன்னால் நிற்பவர். சொந்த ஊர் அரக்கோணம். பொறியியலும் மேலாண்மையும் படித்தவர். 2018இன் தொடக்கம்வரை வெளியுலகத்துக்குத் தெரியாத இளைஞர். மூன்றே ஆண்டுகளில் அவர் எழுதிப் பாடிய ‘என்ஜாய் எஞ்சாமி’ தமிழ் தெரியாத நாடுகளிலும் ஒலித்தது. சாதி, நிலம், இடஒதுக்கீடு, குடியுரிமை, அரசின் துப்பாக்கி என்று அவர் கையிலெடுத்த பொருள்கள், திரைப்பாட்டு மெட்டுக்குள் அதுவரை பெரும்பாலும் நுழையாதவை.

அவர் தூத்துக்குடிக்காரர் அல்ல. ஆனாலும் அவருடைய பாட்டுகளில் கனமான இரண்டு சங்கதிகள் தூத்துக்குடியை ஒட்டிய முத்துக்குளித்துறைக் கரையைத் தொட்டு நிற்கின்றன. 2018 மே 22இல் தூத்துக்குடியில் நடந்த துப்பாக்கிச் சூடு ஒன்று. மன்னார் வளைகுடாவைத் தாண்டி இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலி மக்களின் கதை மற்றொன்று. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் அந்தத் தோட்டங்களில் உழைத்துத் திரும்பியவர்.

ராப்பின் தாய்வீடான ஹிப்ஹாப் பிறந்த இடம் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி. ஜமைக்காவிலிருந்து குடியேறிய டிஜே கூல் ஹெர்க் 1973 ஆகஸ்ட் 11 அன்று ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் பொது அறையில் நடத்திய விருந்தை அதன் தொடக்கமாகச் சொல்வது வழக்கம். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரு சுழல்மேடைகளில் வைத்து, தாளம் மட்டும் தனித்து ஒலிக்கும் சில நொடிகளை மாற்றி மாற்றி ஓட்டி நீட்டினார் ஹெர்க். நீண்ட தாளத்தின்மேல் ஒருவர் பேச்சாகவே பாடினார். ராப் இப்படித்தான் உருவாயிற்று. வாத்தியம் வாங்கக் காசில்லாதவர்களும், சங்கீதம் கற்றுக்கொள்ள வாய்ப்பில்லாதவர்களும் கையாளக்கூடிய கலை என்பதே அதன் முதல் பலம். 1982இல் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழுவின் ‘தி மெசேஜ்’ சேரி வாழ்வின் நெருக்கடியைப் பாடியது. 1989இல் பப்ளிக் எனிமி குழுவின் ‘ஃபைட் தி பவர்’ நேரடியாக அதிகாரத்தோடு மோதியது. முற்போக்கு ஹிப்ஹாப் என்று இன்று சொல்லப்படும் கிளை அங்கிருந்து வளர்ந்தது. பணம், கார், பகட்டு ஆகியவற்றைப் பாடும் கிளையும் அதே மரத்தில்தான் காய்த்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

தமிழுக்கு ராப் வந்த கதை ஒரே வழியில் நடக்கவில்லை. 1994இல் ‘காதலன்’ படத்தில் ஏ.ஆர். ரகுமான் இசையமைத்த ‘பேட்டை ராப்’ அதைத் தெருப் பேச்சோடு சேர்த்தது. மலேசியாவில் யோகி பி – நட்சத்திரா குழு 2006இல் ‘வல்லவன்’ ஆல்பத்தை வெளியிட்டது. 2012இல் ஹிப்ஹாப் தமிழாவின் ‘ஹிப்ஹாப் தமிழன்’ கல்லூரி மாணவர்களிடம் பரவியது. இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் லண்டனில் பிறந்த எம்.ஐ.ஏ. என்னும் மாதங்கி அருள்பிரகாசம், 2005இல் தொடங்கி போரையும் அகதி வாழ்வையும் ஆங்கிலத்தில் பாடி உலகப் புகழ் பெற்றார். 2015இல் சோஃபியா அஷ்ரஃப் பாடிய ‘கொடைக்கானல் வோன்ட்’, அங்கிருந்த தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசக் கழிவையும் தொழிலாளர் நோயையும் உலகம் பார்க்கச் செய்தது. மறு ஆண்டே ஆலையை நடத்திய யூனிலீவர் நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு செய்துகொண்டது. பதினைந்து ஆண்டுக்காலப் போராட்டத்தின் பலன் அது. ஒரு பாட்டு மட்டுமே சாதித்ததாகச் சொல்வது மிகை. ஆனால் கம்பெனி கவனிக்காமல் இருக்க முடியாத அளவுக்கு அந்தப் பாட்டு சத்தம் போட்டது.

ராப் தமிழ் நாக்குக்கு அந்நியமாகப் படாததற்கு ஒரு காரணம் உண்டு. ஆங்கில ராப் பெரும்பாலும் அடியின் கடைசியில் வரும் ஒலி ஒப்புமையை நம்பி ஓடுகிறது. தமிழில் அதற்கு இயைபு என்று பெயர். ஆனால் தமிழ்ச் செய்யுளின் சொத்து இயைபைவிட எதுகையும் மோனையும்தான். ஒலி அடியின் தொடக்கத்திலேயே மோதும். தாளத்தின் முதல் தட்டும் சொல்லின் எதுகையும் ஒன்றாக விழும்போது, வேகமாகச் சொன்னாலும் காது பிடித்துக்கொள்ளும். கழுகுமலை முருகன்மேல் அண்ணாமலை ரெட்டியார் 19ஆம் நூற்றாண்டில் பாடிய காவடிச்சிந்தைக் கேட்டவர்களுக்கு இது புரியும். அந்தச் சந்த ஓட்டத்தில் மூச்சு விட இடம் கண்டுபிடிப்பதே பாடகருக்குச் சோதனை. எட்டயபுரத்துப் பாரதி அரசியலுக்குச் சிந்து மெட்டுகளை எடுத்ததும் இதே வட்டாரப் பழக்கந்தான். தூத்துக்குடிக் கடற்கரையில் வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டில் ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ‘ஏலேலோ’ என்று வாங்குவார்கள்; தாளத்தைத் தருவது வேலைதான். ராப் மேடையில் முன்னால் நிற்பவரும் கூட்டமும் மாறி மாறிக் குரல் கொடுப்பது இதிலிருந்து ரொம்பத் தூரமில்லை.

அறிவு கவிதை எழுதித்தான் தொடங்கினார். பாதை திரும்பியது 2017இன் இறுதியில். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்ற இசைக்குழுவை உருவாக்கின. அயோத்திதாசப் பண்டிதர் பயன்படுத்திய ‘சாதிபேதமற்ற தமிழர்’ என்ற தொடரிலிருந்து வந்தது அந்தப் பெயர். வடசென்னை கானா பாடகர்கள், பறை, சட்டி, டோலக், கிதார், டிரம்ஸ், ராப் எல்லாம் ஒரே மேடையில். பத்தொன்பது பேர் கொண்ட குழு 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சியை நடத்தியது. சபாக்களில் மார்கழிக் கச்சேரி ஓய்ந்திராத நாட்கள் அவை. சாவு வீட்டு வாத்தியம் என்று ஒதுக்கப்பட்ட பறையும், குப்பத்துப் பாட்டு என்று ஒதுக்கப்பட்ட கானாவும் ஆயிரக்கணக்கானவர் முன்னால் மின்விளக்கு வெளிச்சத்தில் ஒலித்தன.

இடஒதுக்கீடு ஏன் வேண்டும், மாட்டுக்கறி தின்பவனை ஏன் இழிவாகப் பார்க்கிறார்கள், மலம் அள்ளும் வேலை ஏன் ஒரே சாதிக்குப் போகிறது என்று குழு பாடியது. விவாதமேடையில் சூடேறிப் போகும் இந்தக் கேள்விகளை ஆடவைக்கும் தாளத்தில் போட்டுக் கொடுத்ததுதான் புதுமை. குழுவில் அறிவின் பங்கு ராப். மற்றவர்கள் கானாவின் இழுப்பில் பாட, அவர் வார்த்தைகளை அடுக்கி வாதம் செய்தார். அதே ஆண்டு ஜூனில் வெளியான ரஞ்சித்தின் ‘காலா’ படத்தில் பாடல் எழுதும் வாய்ப்பும் வந்தது.

2019இல் இசைத் தயாரிப்பாளர் ஆஃப்ரோவோடு சேர்ந்து அறிவு வெளியிட்ட ‘தெருக்குரல்’ ஆல்பம் அவருடைய முதல் தனிக்கணக்கு. சினிமா கம்பெனி, பெரிய இசை நிறுவனம் எதையும் சாராமல் வந்தது. அதிகாரத்தைக் கேள்வி கேட்பவர்கள்மேல் ஒட்டப்படும் முத்திரையையே தலைப்பாக்கிக்கொண்ட ‘ஆன்ட்டி இந்தியன்’ அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. ஆனால் தூத்துக்குடிக் கரைக்காரர்களுக்கு அந்த ஆல்பத்தில் உரைக்கும் பாட்டு வேறு. தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்த ஓர் இளம்பெண்ணின் நாட்குறிப்பு என்ற வடிவில் எழுதப்பட்டது அது.

ஸ்டெர்லைட் தாமிர உருக்காலையின் விரிவாக்கத்தை எதிர்த்துக் குமாரரெட்டியபுரம் மக்கள் 2018 பிப்ரவரியில் போராட்டம் தொடங்கினார்கள். நூறாவது நாளான மே 22 அன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிப் பல்லாயிரம் பேர் ஊர்வலமாகப் போனபோது போலீசார் சுட்டனர். 13 பேர் இறந்தார்கள். ஆறு நாளில் ஆலையை நிரந்தரமாக மூட அரசு உத்தரவிட்டது. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் தன் அறிக்கையில், தூண்டுதல் எதுவும் இல்லாமலே துப்பாக்கிச் சூடு நடந்ததாகக் கூறியது. ஆலையைத் திறக்க அனுமதி கேட்ட அதன் உரிமையாளர் வேதாந்தா நிறுவனத்தின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 29இல் தள்ளுபடி செய்தது. சட்டம் தன் வேகத்தில் போய்க்கொண்டிருந்த இடைவெளியில்தான் பாட்டு வந்தது. கோஷம் போடும் குரலை விட்டுவிட்டு, செத்துப்போன பெண்ணின் அன்றாடத்திலிருந்து பேசும் குரலை எடுத்தது அறிவின் கலைத் தேர்ச்சிக்கு அடையாளம். அவருடைய கோபப் பாட்டுகளைவிட இந்த வகைப் பாட்டுகளே நீண்ட ஆயுள் உள்ளவை.

2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து நாடெங்கும் போராட்டம் நடந்தபோது ‘சண்ட செய்வோம்’ வந்தது. குடியுரிமை என்பது அறிவின் குடும்பத்துக்கு வெறும் செய்தித்தாள் விஷயம் அல்ல. அது ஏன் என்று அறிய இலங்கை மலையகத்தின் கதைக்குள் போக வேண்டும்.

ஆங்கிலேயர் இலங்கை மலைக்காடுகளை அழித்து முதலில் காப்பி பயிரிட்டார்கள். 1869இல் தொடங்கிய இலை நோய் காப்பியைத் தின்று தீர்த்ததும் தேயிலைக்கு மாறினார்கள். காப்பிக்குப் பருவத்துக்கு மட்டும் ஆள் போதும். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து கிள்ள வேண்டும், அதிலும் பெண்கள் கை வேண்டும். தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆள் கட்டிக்கொண்டு போனவர்கள் கங்காணிகள். வழிச்செலவும் முன்பணமும் கடனாக ஏறும். அந்தக் கடன் சீட்டுக்குத் துண்டு என்று பெயர். கடன் தீராமல் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. இருப்பிடம் லயம் எனப்பட்ட வரிசை வீடுகளின் ஓர் அறை.

ஒரு கூட்டம் ராமேசுவரம் பக்கமாகத் தலைமன்னாருக்குக் கடந்து, காட்டு வழியே மாத்தளைவரை நடந்தது; வழியில் காலராவிலும் பசியிலும் செத்தவர்கள் ஏராளம். தூத்துக்குடி இன்னொரு வாசல். 1876இல் ரயில் துறைமுகத்தைத் தொட்டபின் சென்னையிலிருந்து தூத்துக்குடி வந்து கப்பலேறிக் கொழும்பு போவதே பெரிய பாதையாயிற்று. வ.உ. சிதம்பரனார் 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியது இந்தத் தூத்துக்குடி–கொழும்பு தடத்தில் வெள்ளைக்காரக் கம்பெனி வைத்திருந்த பிடியை உடைக்கத்தான். ஊருக்கு மேற்கே தட்டப்பாறையில், தோட்டத்துக்குப் போகும் கூலிகளை நிறுத்தி, நோய் இருக்கிறதா என்று சோதித்து அனுப்பும் முகாம் இருந்தது. தோட்டத்தின் எண் பொறித்த தகரச் சீட்டைக் கழுத்தில் மாட்டி அனுப்புவார்கள். ஆளைவிட அந்தச் சீட்டுக்குத்தான் மதிப்பு. 1914இல் பாம்பன் பாலம் திறந்து போட் மெயில் ரயில் தனுஷ்கோடிக்குப் போனதும் இந்த நெரிசல் மண்டபம் பக்கம் திரும்பியது.

1948இல் இலங்கை விடுதலை பெற்ற கையோடு இயற்றிய குடியுரிமைச் சட்டம், ஏறக்குறைய ஏழு லட்சம் தோட்டத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும், மூன்று லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்க வேண்டும். மிச்சமிருந்த ஒன்றரை லட்சத்தை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மூன்று தலைமுறை வேரூன்றிய மக்களைக் கணக்குப் புத்தகத்தில் வரவு செலவு எழுதுவதுபோல எழுதினார்கள். திரும்பியவர்களில் சிலர் நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். பலர் சொந்த ஊர் என்று சொல்லப்பட்ட, முகம் தெரியாத கிராமங்களில் நிலமில்லாத கூலிகளாகவே மறுபடி தொடங்கினார்கள். வள்ளியம்மாளும் அப்படி வந்தவர்.

2021 மார்ச் 7இல் யூடியூபில் வெளியான ‘என்ஜாய் எஞ்சாமி’யின் ஆழத்தில் இருப்பது இந்தக் கதைதான். பாடகி தீயும் அறிவும் பாடினார்கள், இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன், வெளியிட்டது ஏ.ஆர். ரகுமானின் ஆதரவோடு தொடங்கிய மாஜ்ஜா நிறுவனம். அமித் கிருஷ்ணன் இயக்கிய காணொளியில் வள்ளியம்மாளும் தோன்றுகிறார். பாட்டின் முன்பகுதி காடு, கழனி, பறவை, விலங்கு எல்லாவற்றுக்கும் பூமியில் பங்கு உண்டு என்ற குதூகலம். போகப் போக அது அறுவடைப் பாட்டாகி, ஒப்பாரியாக முடிகிறது. நட்டு வளர்த்தவள் தோட்டத்தின் சொந்தக்காரி இல்லை. குழந்தைகள் முன்பாதிக்கு ஆடினார்கள். பின்பாதி என்ன சொல்கிறது என்று பெரியவர்கள் யோசிக்கக் கொஞ்சம் நாள் ஆயிற்று. யூடியூபில் மட்டும் நாற்பது கோடிக்குமேல் பார்க்கப்பட்ட இந்தப் பாட்டின் வெற்றியில் இந்த ஏமாற்றுவேலைக்குப் பெரிய பங்கு உண்டு: ஒப்பாரியைக் கொண்டாட்டத்துக்குள் மறைத்து ஊரெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார் அறிவு.

அதே ஆண்டு ஜனவரியில் வெளியான ‘மாஸ்டர்’ படத்தில் அனிருத் இசையில் ‘வாத்தி ரெய்டு’, ஜூலையில் ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’க்காக ‘நீயே ஒளி’ என்று அந்த ஆண்டு அவருடைய ஆண்டாகவே இருந்தது. ஆகஸ்டில் வந்தது முதல் சர்ச்சை. ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகையின் அட்டையில் தீயும், கனடாவில் வாழும் ஈழத்தமிழ் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இடம்பெற்றார்கள். பேசப்பட்ட பாட்டுகள் ‘என்ஜாய் எஞ்சாமி’யும் ‘நீயே ஒளி’யும், இரண்டிலும் எழுத்து அறிவுடையது. அவர் படம் இல்லை. பிரெஞ்சு இசைக்கலைஞர் டிஜே ஸ்நேக் ‘என்ஜாய் எஞ்சாமி’க்குச் செய்த மறுகலவையின் நியூயார்க் விளம்பரப் பலகையிலும் அவர் முகம் இல்லை. தலித் கலைஞர் ஒருவர் மறைக்கப்படுகிறார் என்று ரஞ்சித் பகிரங்கமாகச் சொன்னபின் விவாதம் நாடு முழுவதும் பரவியது. பத்திரிகை பின்னர் அறிவைத் தன் மின்னிதழ் அட்டையில் கொண்டுவந்தது.

மறு ஆண்டு ஜூலை 28இல் சென்னையில் நடந்த செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் தீயும் நாட்டுப்புறப் பாடகி கிடாக்குழி மாரியம்மாளும் ‘என்ஜாய் எஞ்சாமி’யைப் பாடினார்கள். அறிவு அப்போது அமெரிக்காவில் இருந்தார். மெட்டு, வரி, பாட்டு, நடிப்பு எல்லாம் தன் உழைப்பு என்று சில நாளில் அவர் ஓர் அறிக்கை எழுத, தீயும் அறிவும் தானும் கூடி உருவாக்கியது அது, வருமானமும் உரிமையும் சமம் என்று சந்தோஷ் நாராயணன் பதில் சொன்னார். 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணனே, இந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு இதுவரை ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று வெளிப்படையாகக் குற்றம்சாட்டினார். மாஜ்ஜா அதை மறுத்தது.

யார் சொன்னது சரி என்று வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. ஹிப்ஹாப்பில் ஒரு மெட்டு யாருடையது என்பது எங்குமே சிக்கலான கேள்வி: தாளக்கட்டைச் செய்தவர் ஒருவர், சொல்லின் ஏற்ற இறக்கத்தாலேயே மெட்டை உண்டாக்கியவர் இன்னொருவர். ஒப்பாரி, தாலாட்டு போன்ற பொதுச் சொத்திலிருந்து எடுத்த இழைகள் வேறு. பழைய காப்புரிமைச் சட்டம் பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடகர் என்று மூன்று நாற்காலி போட்டு வைத்திருக்கிறது; ராப் பாடகர் ஒரே நேரத்தில் மூன்றிலும் அரைகுறையாக உட்கார்கிறார். ஆனாலும் உழைத்தவளுக்கு நிலம் இல்லை என்று பாடிய பாட்டிலேயே, உழைத்தவருக்குப் பெயர் உண்டா என்ற வழக்கு மூண்டது தற்செயல் அல்ல. யார் முகம் அட்டைக்கு வரும், யார் முகம் விடுபடும் என்பதில் சாதிக்கு வேலை இல்லை என்று நம்ப, நிறைய அப்பாவித்தனம் வேண்டும்.

இந்தச் சச்சரவுகள் அவரை முடக்கவில்லை. ‘அம்பாசா’ என்ற இசைக்குழுவோடு மேடை நிகழ்ச்சிகள் செய்தார். 2023இல் கோக் ஸ்டுடியோவின் தமிழ் வரிசையில் கதீஜா ரகுமானோடு ‘சகவாசி’ பாடினார். 2024இல் வந்த ‘வள்ளியம்மா பேராண்டி’ ஆல்பம் பாட்டியின் பெயரையே முகப்பாக்கியது. ‘தெருக்குரல்’ காலத்துக் கூர்மையைவிடக் குடும்பக் கதையும் நாட்டார் இசையும் இதில் தூக்கல். பழைய ரசிகர்களில் சிலருக்கு இது மென்மையாகப் பட்டிருக்கலாம். கோபத்தை மட்டும் வைத்து ஒரு கலைஞர் முப்பது ஆண்டு ஓட்ட முடியாது.

2025இல் அவர் குரல் மறுபடி தூத்துக்குடி மாவட்டத்துக்கு வந்தது. மணத்தி கிராமத்திலிருந்து கபடி ஆடிப் போய் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இடம்பெற்ற மணத்தி கணேசனின் வாழ்வைத் தழுவி மாரி செல்வராஜ் இயக்கிய ‘பைசன்’ தீபாவளிக்கு வெளியானது. நிவாஸ் கே. பிரசன்னா இசையில் அதில் வரும் ‘றெக்க றெக்க’ பாட்டை அறிவும், கேரளத்து ராப் பாடகர் வேடனும் சேர்ந்து பாடியிருக்கிறார்கள். வேடனின் தாய் யாழ்ப்பாணத்திலிருந்து போரில் இடம்பெயர்ந்து வந்தவர், தந்தை திருச்சூர்க்காரர். ஒருவருடையது தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட குடும்பம், மற்றவருடையது யுத்தத்திலிருந்து தப்பி வந்த குடும்பம். தாமிரபரணிக் கரைக் கிராமத்தின் சாதிச் சண்டைகளுக்கு நடுவே கபடிக் களத்தில் ஓடும் ஒரு பையனுக்காக இருவரும் பாடினார்கள்.